மெட்டு மாத்தாதே

அத்தியாயம் 11

கடுகு டப்பாவில் கடுகைத் தவிர வேறு எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்பதை முனிலட்சுமி ஆயுத பூஜையன்று காலையில்தான் கற்றுக்கொண்டாள்.

தாளிக்கத் தெரியாத ஆண்பிள்ளை அந்த டப்பாவை ஏன் திறக்கப் போகிறான் என்று நம்பி இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டாள். அவள் புருஷன் கோவிந்தப்பனோ குங்குமம் தேடுகிறேன் பேர்வழி என்று அலமாரியில் இருந்த ஏழு டப்பாவைத் திறந்தான். எட்டாவதில், கடுகுக்கு அடியில், வளையமாகச் சுற்றிய ஸ்டீல் கம்பி பளபளத்தது.

வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். ஆனால் முதல் நாள் சாயங்காலம்தான் கின்னரி வாத்தியத்தின் பித்தளைக் கம்பி அறுந்துபோய் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவனுடைய கம்பெனி பூஜையில், குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் ஐந்நூறு பேருக்கு முன்னால், கோவிந்தப்பன் கால் மணி நேரம் கின்னரி வாசிக்க வேண்டும். ஓசூரில் எந்தக் கடையிலும் அந்தக் கனத்தில் பித்தளைக் கம்பி இல்லை. வீட்டிலேயே கம்பி இருக்கிறது, ஆனால் ஸ்டீல். ஒரு மனுஷனுக்கு ஆத்திரம் வர இதைவிட என்ன வேண்டும்?

"இது என்னா?" என்றான்.

"கம்பி."

"கம்பின்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"கின்னரிக்குத்தான். பின்ன, கொடி கட்டித் துணி காயப்போடவா?"

கோவிந்தப்பன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். கின்னரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீளத்துக்கு ஒரு மூங்கில். அதன் அடியில் மூன்று காய்ந்த சுரைக்குடுக்கை. மேலே இரண்டு கம்பி, ஒன்று சுருதிக்கு, ஒன்று வாசிக்க. கம்பிக்குக் கீழே, விரல் வைத்து அழுத்த, மெழுகில் பதித்த பன்னிரண்டு மெட்டு. அவன் அப்பா கிருஷ்ணப்பன் ஊர் ஊராகப் போய் வாசித்தது. அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

"யாரு வாசிச்சது?"

"நாந்தான்."

"எப்ப?"

"உங்களுக்கு செகண்ட் ஷிப்ட் வர்ற வாரமெல்லாம். ஸ்டீலை மாட்டுவேன், வாசிப்பேன், நீங்க வர்றதுக்குள்ள கழட்டிட்டுப் பித்தளைய மாட்டிருவேன்."

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசமாத்தான்."

தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு ரோஷன் பீக்குத் தெரியும். பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனவள், கடை கடையாக ஏறி அந்தக் கம்பியை வாங்கி வந்ததே அவள்தான். லீவுக்கு உத்தனப்பள்ளி தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிற அவளுடைய இரண்டு பெண்களுக்கும் தெரியும். மாமியார் கெம்பம்மாவுக்குத் தெரியும், அவள் தாளம் போடாத நாளே கிடையாது. தெரியாத ஒரே ஆள் வீட்டுக்காரன்.

அவனுக்கு மனைவி ஒளித்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. ஸ்டீல் என்பதுதான் தாங்கவில்லை.

"எங்கப்பா பித்தளையத் தவிர வேற தொட்டதில்ல, தெரியுமில்ல? நகத்தால வாசிப்பாரு. நீ எதால வாசிச்ச? ஒனக்குத்தான் நகமே இல்லியே!"

முனிலட்சுமிக்குச் சுருக்கென்றது. நகம் ஏன் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? அவள் வேலை செய்கிற இடத்தில் தலைமயிர் கனத்துச் செம்புக் கம்பியை எட்டு மணி நேரம் மோட்டார் காயிலாகச் சுற்ற வேண்டும். நகம் கால் அங்குலம் வளர்ந்தாலும் சூப்பர்வைசரம்மா கையில் நகவெட்டியைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்துவிடுவாள்.

"சோப்பு டப்பா மூடிய வெட்டி ஒரு துண்டு வெச்சிருக்கறேன். அதால வாசிச்சேன்."

"சோப்பு டப்பா!" என்று கோவிந்தப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஒரு நூறு வருசத்துச் சாமான்ல சோப்பு டப்பா மூடி!"

கோவிந்தப்பனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து தருவான். கின்னரி என்று வந்தால்தான் சட்டம் பேசுவான். பித்தளைக் கம்பிதான் கட்ட வேண்டும். நகத்தால்தான் மீட்ட வேண்டும். அப்பா வாசித்த ஏழு பதத்துக்கு மேல் எட்டாவது கூடாது. மெட்டுகள் மேல் கை வைக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து அந்த ஏழையும் வாசித்து முடிப்பான். ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்தவன் முகம் மாதிரி இருக்கும் அந்த முகம்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. வாசிக்கறப்ப உங்களுக்கு சந்தோசமா இருக்குதா?"

"சந்தோசத்துக்கா வாசிக்கறாங்க?"

"பின்ன எதுக்குங்க வாசிக்கறாங்க?"

"எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அதுக்கு."

"அப்படியேவா இருக்குது? அந்த அஞ்சாவது மெட்டு மெழுகு எறங்கிச் சாஞ்சு கெடக்குது. அங்க வர்றப்பல்லாம் சோத்துல கல்லு கடிச்ச மாதிரி இருக்குது. உங்க காதுக்குக் கேக்கலயா?"

"கேக்குது" என்றான் கோவிந்தப்பன்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் அவனுக்குக் காது போதவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

"கேட்டுமா சும்மா இருக்கறீங்க? லேசாச் சூடு காட்டி நிமுத்தி வெச்சா..."

"வெக்கக் கூடாது!" என்று கத்தினான். பிறகு குரல் உடைந்தது. "கடைசி நாளு எங்கப்பா என் கையப் புடிச்சிட்டு என்னா சொன்னாரு தெரியுமா? இத்தினி வருசம் யாருகிட்டயும் சொன்னதில்ல, அம்மாகிட்டகூட. ஒரே வார்த்தைதான் சொன்னாரு. 'மெட்டு மாத்தாதே'ன்னாரு. திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நான் மாத்த மாட்டேன்பான்னு சத்தியம் பண்ணேன். அப்பறந்தான் கண்ண மூடுனாரு. இப்ப சொல்லு, நான் அதத் தொடறதா?"

முனிலட்சுமி கம்பியை எடுத்துத் திரும்பக் கடுகுக்குள் அமுக்கினாள்.

"சாயங்காலம் பேசிக்கலாம். இனிமே நீ கின்னரியத் தொடக்கூடாது. அவ்வளவுதான்."

மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ரோஷன் பீயின் புருஷன் பஷீர் அஹமது வைத்திருக்கும் பழைய சாமான் கடையில் எங்கேயாவது பித்தளைக் கம்பி மாட்டுமா என்று பார்க்கத்தான்.

தொடக்கூடாது. அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாரத்தில் ஆறு நாள் மேஸ்திரி சொன்னபடி, சூப்பர்வைசரம்மா சொன்னபடி, கடிகாரம் சொன்னபடி ஆடுகிற கை அவளுடையது. அந்தக் கை தன் இஷ்டத்துக்கு ஆடுகிற ஒரே இடம் கின்னரி. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு என்னதான் மிச்சம்? அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எதிர்வீட்டு நாகம்மாவிடம் வாழைக்கன்று வாங்கப் போயிருந்த கெம்பம்மா திரும்பி வந்தபோது, மருமகள் திருஷ்டிப் பூசணிக்காயில் கத்தியால் குழி எடுத்துக்கொண்டிருந்தாள். குழி எடுத்தாளா, பூசணிக்காயைக் குத்தினாளா என்பது பார்க்கிறவர்களைப் பொறுத்தது.

"ஏனம்மா லச்சுமி, காயி என்ன பண்ணுச்சு உன்ன?"

"உங்க மகனக் கேளுங்க அத்தை. நான் இனிமே கின்னரியத் தொடக்கூடாதாம். டப்பாவப் பாத்துட்டாரு."

"அய்யோ சிவனே. பாத்துட்டானா?"

"பாத்தாக்கூடப் பரவால்ல. மாமா சாகறப்ப சொன்னாராம். அத மீறக்கூடாதாம்."

"அவரு என்ன சொன்னாரு? நானுந்தான் ஆஸ்பத்திரிலயே இருந்தேன்."

"'மெட்டு மாத்தாதே'ன்னாராம். அதுக்குத்தான் அந்த அஞ்சாவது மெட்டக்கூட நிமுத்த விடமாட்டேங்கறாரு."

கெம்பம்மா வாழைக்கன்றைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

"மெட்டு மாத்தாதே."

கெம்பம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தாள். முனிலட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது. புருஷன் சாகும்போது சொன்ன வார்த்தைக்கு ஒரு பெண்பிள்ளை இப்படியா சிரிப்பாள்?

"அத்தை!"

"லச்சுமி, கின்னரில இருக்கறத உங்க மாமா என்னிக்காச்சும் மெட்டுன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? மனென்னுதான் சொல்லுவாரு. மொதல் மனெ, ரெண்டாவது மனென்னு, தெருவுல வூடு எண்ணற மாதிரி எண்ணுவாரு. மெட்டுன்னு சொல்றதெல்லாம் வீணைக்காரங்க. இவன் ரேடியோவுல கேட்டுக் கத்துக்கிட்டான்."

"அப்ப மாமா சொன்ன மெட்டு?"

"செருப்புடி."

முனிலட்சுமிக்கு முதலில் புரியவில்லை.

"எங்க ஊருப் பக்கம் கன்னடத்துல மெட்டுன்னா செருப்பு. இங்க டவுன்ல அப்படி யாரும் பேசறதில்ல. கிருஷ்ணகிரில ஆஸ்பத்திரில சேக்கறப்பத்தான் அவருக்குப் புதுசா டயர் செருப்பு வாங்கிக் குடுத்தேன். வார்டுக்கு வெளிய உட்டிருந்தோம். எவனோ அவன் பிஞ்ச செருப்ப உட்டுட்டு இவரோடத மாட்டிட்டுப் போயிட்டான். அத யாரோ அவருகிட்டச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். காச்சல் ஏற ஏறத் தமிழ் பாதி, கன்னடம் பாதின்னு கலந்து வந்துச்சு. மெட்டு மாத்திட்டாங்க, மெட்டு மாத்தாதேன்னு ரெண்டு நாளும் அதே பேச்சுதான். இவன் வந்து சேந்தது கடைசி நேரத்துலதான். நான் அந்த ஆஸ்பத்திரி பூரா ஒவ்வொருத்தன் காலாப் பாத்துட்டு சுத்துனேன். கெடைக்கல."

சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தக் 'கெடைக்கல'வில் சட்டென்று அழுதாள். முனிலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. எட்டு வருஷம்! ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அந்தக் கோணல் சுரத்தைக் காதில் வாங்கினது, இரண்டு வருஷம் திருடி மாதிரிக் கம்பியை ஒளித்தது, காலையில் வாங்கிய ஏச்சு, எல்லாம் ஒரு ஜோடி டயர் செருப்புக்காகவா!

"வரட்டும் அவரு" என்று எழுந்தாள்.

கெம்பம்மா அவள் கையைப் பிடித்தாள். "சொல்லிராத லச்சுமி."

"ஏன் சொல்லக்கூடாது?"

"அவங்கப்பன் அவனுக்குன்னு உட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருக்கறான். உடு."

"அவருக்கு அது ஒண்ணு. எனக்கு? எனக்கு எது ஒண்ணு அத்தை?"

அந்த நேரம் பார்த்து ரோஷன் பீ வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"முனிக்கா, உங்க வூட்டு அண்ணன் எங்க கடையில மூட்டை மூட்டையாப் பிரிச்சுக் கொட்டிட்டு இருக்காரு. எங்க வூட்டுக்காரரு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. ஒருவழியா ஒரு பித்தளைக் கம்பி மாட்டுச்சு, அதுவும் நெளிஞ்சு போனது. அந்த ஸ்டீலு என்னாச்சுக்கா?"

"மாட்டிக்கிச்சு ரோஷனு."

"யா அல்லா!" என்று தலை உள்ளே போய்விட்டது.

முனிலட்சுமி கடுகை உதறிவிட்டு ஸ்டீல் கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சோப்பு டப்பாத் துண்டையும் போட்டுக்கொண்டாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கம்பெனி வாசலில் வாழை மரம் கட்டி, ஒலிபெருக்கியில் சாமி பாட்டுப் போட்டிருந்தார்கள். லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மிஷின்களும் அன்றைக்கு ஒருநாள் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. மிஷினைக் கும்பிடுகிற இடம் என்பதால் ஷெட்டுக்கு வெளியிலேயே எல்லோரும் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஐந்நூறு ஜோடிச் செருப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலைப் பார்த்ததும் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. சுண்டலும் லட்டும் ஒரு பக்கம் பொட்டலமாகிக்கொண்டிருந்தன. பர்சனல் ஆபீசர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நமது தொழிலாளத் தோழர் கோவிந்தப்பன் அவர்களின் பழமையான கின்னரி இசை" என்று அறிவித்தார்.

கோவிந்தப்பன் வெள்ளை வேட்டியில் மேடையேறினான். மேலே தகரக் கூரை, பக்கத்தில் பெரிய விளக்கு, வியர்வை ஆறாக ஓடியது. மேல் சுரைக்குடுக்கையை மார்பில் அணைத்து, நகத்தால் கம்பியைத் தொட்டான். நெளிந்த பித்தளை ஈனமாக முனகியது. மைக் அதையும் சரியாகப் பிடிக்கவில்லை.

முதல் பதம் பாதி போயிருக்கும். ஐந்தாவது மெட்டு வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் பல் கூசியவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். கூட்டம் நெளிய ஆரம்பித்தது. லட்டு இருந்த பக்கம் தலைகள் திரும்பின. முனிலட்சுமிக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் அழுத்தி மீட்டினான்.

பட்.

பித்தளை அறுந்து சுருண்டது.

பர்சனல் ஆபீசர் எழுந்து, "பரவாயில்லை கோவிந்தப்பன், அடுத்த ஐட்டம் போய்டலாம், சினிமாப் பாட்டு" என்றார். கோவிந்தப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஸ்டீல் கம்பி போட்டா அறுந்திருக்காது, சத்தமும் நல்லா வந்திருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா எங்கப்பா கடைசியா எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு." மைக்கை இன்னும் கிட்ட இழுத்தான். "'மெட்டு மாத்தாதே'ன்னாரு. அதனாலதான்..."

தமிழ்க்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. லேத் செக்ஷன் எல்லப்பன், ஆனேக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"யாரப்பா நிம்மப்பன மெட்டு கத்தோரு?"

உன் அப்பன் செருப்பை எவனய்யா திருடினான் என்கிறான். பின்னாலிருந்த கன்னடக்காரர்கள் இருபது முப்பது பேர் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, காரணம் தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள். கோவிந்தப்பனுக்கு டீக்கடைக் கன்னடமும் பஸ் கன்னடமும் தெரியும். அந்தக் கன்னடத்தில் செருப்புக்குச் சப்பலி என்றுதான் பெயர். என்ன சிரிப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. செத்துப்போன அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. கின்னரியை மேடையிலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி வெளியே போய்விட்டான்.

கெம்பம்மா அவன் பின்னால் ஓடினாள். முனிலட்சுமியும் எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பிறகு அவள் கால் வாசல் பக்கம் போகாமல் மேடைப் பக்கம் போயிற்று.

அவளுக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக இருந்தது. சிரித்தவர்கள் மேல், லட்டைப் பார்த்தவர்கள் மேல், கோணல் சுரத்தைக் கேட்டுக்கொண்டே எட்டு வருஷம் வாசித்த புருஷன் மேல், அதற்குப் பயந்து ஒளிந்து வாசித்த தன் மேலும்தான்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஆபீசர்.

"அவரு சம்சாரம். ரெண்டு நிமிசம் குடுங்க சார்."

காயில் சுற்றுகிற கைக்கு ஒரு கம்பி கட்ட இரண்டு நிமிஷமே அதிகம். முறுக்காணியில் கோத்து, இழுத்து, விரலால் சுண்டி, இன்னும் கால் திருகு. மைக்கில் அந்த ஓசை கணீரென்று விழுந்ததும் லட்டுப் பக்கம் போன தலைகள் திரும்பின.

பிறகு அவள் ஐந்தாவது மெட்டைப் பார்த்தாள். விளக்குச் சூட்டில் மெழுகு இளகியிருந்தது. கட்டைவிரலை வைத்தாள். ஒரு நெல் அளவு தள்ளினாள். மெட்டு நிமிர்ந்துகொண்டது.

அவள் வாசித்தது புதுப் பாட்டல்ல. மாமனாரின் அதே முதல் பதம், அதே ராகம், அதே அடி. புருஷன் பாதியில் விட்ட இடத்திலிருந்துதான் எடுத்தாள். ஆனால் கொஞ்சம் ஓட்டமாக, சோப்பு டப்பாத் துண்டு கம்பியில் துள்ளித் துள்ளி விழ, சந்தைக்குப் போகிற வண்டி மாதிரி அது கிளம்பியது. ஐந்தாவது மெட்டு வந்தது, கல் கடிக்காமல் போயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அடக்கி அடக்கி வாசித்தவள், இன்றைக்குத்தான் முழுக்கையோடு வாசித்தாள். பின்வரிசையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். முகம் சுளித்த அம்மாள் மடியில் இருந்த பேத்தியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். முடித்தபோது தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள். முனிலட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஷெட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது.

வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி மேல் கோவிந்தப்பன் உட்கார்ந்திருந்தான். கெம்பம்மா தள்ளி நின்றாள். எல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "நானு தமாசுக்குச் சொன்னேன்னா, தப்பா எடுத்துக்காத" என்று மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டு நழுவினான்.

கோவிந்தப்பன் காலடியில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. வார் அறுந்து, ஊக்குக் குத்தி வைத்த ஜோடி.

"இது என்னோடது இல்ல" என்றான். "எவனோ மாத்திட்டுப் போயிட்டான்."

கால் கட்டைவிரலால் அதைத் தள்ளினான்.

"எல்லப்பன் சொல்றான், மெட்டுன்னா செருப்பாம். அம்மா, ஆஸ்பத்திரில அப்பாவோட செருப்பு காணாமப் போச்சா?"

கெம்பம்மா மருமகளைப் பார்த்தாள். முனிலட்சுமி கையிலிருந்த கின்னரியைப் பார்த்தாள்.

"காணாமப் போகல" என்றாள் கெம்பம்மா மெதுவாக. "மாறிப்போச்சுடா."

அவன் அந்த அறுந்த வாரைப் பார்த்தான். பிறகு மனைவியிடம் திரும்பினான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"காலையிலதான் தெரியும்."

"மைக்குல நான் சொல்றப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்த அவளிடம் எட்டு வருஷத்துச் சரக்கு இருந்தது. வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். கோவிந்தப்பன் கத்தவில்லை.

"அப்ப எங்கப்பா கின்னரியப் பத்தி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றான்.

அவள் அடுக்கி வைத்தது அத்தனையும் கலைந்துபோயிற்று.

கை நீட்டினான். கின்னரியைக் கொடுத்தாள். ஐந்தாவது மெட்டை விரலால் தடவினான், நகத்தால் ஒரு தடவை சுண்டிக் கேட்டான்.

"சரியா இருக்குது" என்றான். "வெளிய இருந்து கேட்டேன். அப்பாவே வாசிக்கற மாதிரி இருந்துச்சு."

"ஏங்க..."

"நீயே வெச்சுக்க லச்சுமி. இனி எனக்கெதுக்கு?"

அவள் கையில் கின்னரியை வைத்துவிட்டு எழுந்தான். நடு மத்தியானம், தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. "காலு சுட்டுரும், என் செருப்பையாச்சும் மாட்டிட்டுப் போங்க" என்று முனிலட்சுமி பின்னாலேயே கத்தினாள். மொபெட்டைக்கூட எடுக்காமல், வெறுங்காலோடு கேட்டைத் தாண்டி, ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் அவன் திரும்பிவிட்டான். அது வீட்டுக்குப் போகிற வழி இல்லை.

இனி அவளைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆளில்லை. பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்து வாசிக்கலாம். ஸ்டீலோ செம்போ அவள் இஷ்டம். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் இப்படியா கேட்டாள்? கம்பியைத் தொடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

உள்ளே சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. லட்டுப் பொட்டலத்தோடு கூட்டம் வெளியே வந்து, குவியலில் கால் விட்டுத் துழாவிச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியது.

"என்ன நெறம் லச்சுமி, அவன் செருப்பு?" என்றாள் கெம்பம்மா.

"காப்பி கலரு. இடது கால்ல தையல் போட்டிருக்கும்."

கெம்பம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கு நடுவில் போய் நின்றாள். குனிந்து, வெளியே போகிற ஒவ்வொருவர் காலாகப் பார்க்க ஆரம்பித்தாள்.